நீர்க்குறியும் குழந்தை நோய்த் தேர்வும்: தேரையர் முதல் பெப்டைடு வரை

சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் வாயிலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழி பூவிருந்தவல்லியைச் சென்று சேர்கிறது. இன்று நகர எல்லைக்குள் அது பெரியார் ஈ. வெ. ரா. நெடுஞ்சாலை எனப் பெயர் பெற்றிருப்பினும், மக்கள் நாவில் பூந்தமல்லிச் சாலை என்றே வழங்குகிறது. தமிழகத்து மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இச்சாலை ஒரு பெரிய சான்றாகும். கிழக்கில் 1772 முதல் பொது மருத்துவமனை. அதனை அடுத்து 1835இல் தோன்றிய மருத்துவப் பள்ளி, பின்னாளில் சென்னை மருத்துவக் கல்லூரி. கீழ்ப்பாக்கத்தில் 1920களின் நடுவில் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளி. அரும்பாக்கத்தில் 1970இல் எழுந்த அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனை. மேற்கு முனையில், மருத்துவமே இறைவன் தொழில் எனக் கருதிய மக்கள் அமைத்த பூவிருந்தவல்லி வைத்தீசுவரன் கோயில். சாலைக்கு வடக்கே, அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உள்ளது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவும் சென்னை மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் 1999இல் இணைந்து இந்நிறுவனமாயின.

இவ்விடங்களில் எல்லாம் நோயை அறியப் பயன்பட்ட பொருள்களுள் ஒன்று சிறுநீர். கலத்தில் ஏந்திக் கண்டனர்; தீயிற் காய்ச்சினர்; எண்ணெய் விட்டனர்; நுண்ணோக்கியில் வைத்தனர்; இன்று அதனுள் மிதக்கும் பெப்டைடு என்னும் குறும்புரதத் துண்டுகளை அளக்கின்றனர். குறிப்பாகக் குழந்தைகளின் சிறுநீர்ப்பாதைத் தொற்றினை இப்பெப்டைடுகளால் விரைந்து அறியலாமா என்பது கடந்த 20 ஆண்டுகளாக மருத்துவ உலகில் ஆராயப்பட்டு வரும் வினா. மருத்துவ வினாவில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை எனச் சிலர் கேட்கக்கூடும். நீரிற் குறி காண்டல் பற்றித் தனிநூல் உடைய மொழி தமிழ். அந்நூலைச் சான்று காட்டி, ‘இன்றைய பெப்டைடுத் தேர்வை நம் முன்னோர் நெய்க்குறியால் முன்னரே கண்டனர்’ என்று எழுதுவாரும் பேசுவாரும் பெருகியுள்ளனர். ஆய்வேடுகளிலும் அக்கூற்று நுழைந்து விட்டது. ஆகலின், நூல் உண்மையில் யாது சொல்கிறது, யாது சொல்லவில்லை என்பதை வரையறுத்தல் நம் கடமையாகிறது.

குறி என்னும் சொல்

குறி என்பது தமிழில் மிகப் பழைய சொல். அகப்பொருளில் பகற்குறி, இரவுக்குறி எனக் காதலர் கூடும் இடத்தைச் சுட்டுகிறது. குறத்தி சொல்லும் குறி வருவதுரைத்தலாகிறது. இலக்கணத்தில் அடையாளம் என்னும் பொருளில் வருகிறது. இவை அனைத்திற்கும் பொதுவாய் நிற்பது, கண்ணுக்குத் தெரியும் ஒன்றினால் தெரியாத ஒன்றைச் சுட்டுதல் என்னும் கருத்தே. மருத்துவ நூலார் நீர்க்குறி, நெய்க்குறி, மலக்குறி எனப் பெயரிட்டபொழுது இப்பொருளையே கொண்டனர். ஆங்கில நூலோர் இன்று ஆளும் ‘பயோமார்க்கர்’ என்னும் தொடரின் உட்கருத்தும் அஃதே. அதனை ‘உயிரியல் குறிப்பான்’ எனப் பெயர்ப்பாரும் ‘குறிகாட்டி’ எனப் பெயர்ப்பாரும் உளர். ‘குறி’ என்ற ஈரெழுத்துச் சொல்லே போதும் என்பது என் துணிபு. ஆயினும் சொல் ஒன்றாதலால் பொருளும் ஒன்றே எனக் கொள்ளுதல் பிழை. அப்பிழையை விளக்கச் சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறையே போதும்.

தலைவியின் மேனி வேறுபடுகிறது. பசலை பாய்கிறது, உணவு செல்வதில்லை, தோள் மெலிகிறது. தாய் அதனைக் கண்டு அஞ்சுகிறாள். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பி எண்ணுகிறாள். வேலன் கழங்கினை இட்டுப் பார்க்கிறான். முருகு அணங்கியது என முடிபு கூறப்படுகிறது. ஆடு பலியாகிறது. தோழியோ தன்னுள் நகைக்கிறாள். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், தாய் கண்ட குறி பொய்யன்று. பசலை உண்மை, மெலிவு உண்மை. அக்குறியிலிருந்து வேலன் கொண்ட பொருளே பொய். ஒரே குறி பல காரணங்களால் தோன்றக்கூடும் என்பதை இத்துறையைப் பாடியோர் நன்கு அறிந்திருந்தனர். தோழி அறத்தொடு நின்று உண்மையை வெளிப்படுத்தும் வரை, குறி காண்பவன் தன் முடிபில் உறுதியாகவே நிற்கிறான். மருத்துவக் குறிகள் அனைத்திற்கும் உள்ள இடர்ப்பாடு இதுவே. குழந்தையின் நீரில் வெள்ளணு மிகுந்திருத்தல் ஒரு குறி. ஆயினும் பாக்டீரியாத் தொற்றே இல்லாத காவசாகி நோயிலும் அது மிகும்.

தேரையர் நூலும் அதன் காலமும்

சித்த மருத்துவர் கூறும் எண்வகைத் தேர்வு நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன. இவற்றுள் இறுதியில் நின்ற மூத்திரத் தேர்வை விரித்துரைப்பது தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி நூல். தேரையர் அகத்தியரின் மாணவர் என்பதும், தலையோட்டினுள் இருந்த தேரையை நீக்கியதனால் அப்பெயர் பெற்றார் என்பதும் செவிவழிக் கதைகள். நூலின் யாப்பும் சொல்லாட்சியும் சங்க காலத்தையோ பல்லவர் காலத்தையோ காட்டவில்லை. வடசொற்கள் தடையின்றிப் புழங்கும் பிற்கால நடையே அது.

கல்வெட்டுகள் இதற்குத் துணை செய்வதில்லை. தொண்டை நாட்டுத் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிக்கிறது. மருத்துவன், அறுவை செய்வான், மருந்து கொணர்வார், பணி செய்யும் பெண்டிர் ஆகியோர்க்குரிய கொடையும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அதில் வரையப்பட்டுள்ளன. கோமூத்திர அரீதகி என்னும் மருந்தும் அப்பட்டியலில் உண்டு. மருந்தாகப் பசுவின் நீர் இடம் பெறுகிறது; குறியாக நோயாளியின் நீர் இடம் பெறவில்லை. நிவந்தம் பொறிக்கும் கல்வெட்டில் தேர்வு முறையை எதிர்பார்த்தலும் பொருந்தாது.

நூல் கூறும் முறை வருமாறு. நோயாளி முதல்நாள் அறுசுவையும் ஒன்றோடொன்று மாறுபடாதவாறு உண்ண வேண்டும்; மிகையும் குறையும் காலமல்லாக் காலத்து உணவும் கூடா; பசியளவாக உண்டு, நன்கு உறங்கி, வைகறையில் எழுந்து விடும் நீரை ஆடிக்கலசத்தில் ஏற்க வேண்டும்; ஒரு முகூர்த்தத்திற்குள் நிறமும் நெய்யும் கொண்டு குறி நிறுவ வேண்டும். நீர்க்குறியில் ஆராய வேண்டியவை நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்து. நெய்க்குறியாவது, நீரை அசையாது வைத்து அதன்மேல் நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு நோக்குதல். துளி அரவு போல நீளின் வாதம். ஆழி போல வட்டமாய்ப் பரவின் பித்தம். முத்துப் போலக் குவிந்து நிற்பின் கபம். இவற்றின் கலப்பும், துளி அமிழ்தலும் சிதறலும் கொண்டு நோயின் தீர்வு, தீராமை முதலியனவும் உரைக்கப்படுகின்றன.

இப்பகுதியில் மூன்று சொற்கள் தனித்து ஆராயத்தக்கன.

முதலாவது ஆடிக்கலசம். ஆடி என்பது கண்ணாடி. உள்ளிருக்கும் நீரின் நிறத்தையும் நுரையையும் பக்கவாட்டில் நோக்க வேண்டுமாயின் கலம் ஒளி ஊடுருவுவதாக இருத்தல் வேண்டும். மண்கலமும் வெண்கலக் கலமும் ஆகா. தெளிந்த கண்ணாடிக் கலம் மருத்துவன் கைக்கு எளிதில் எட்டும் பொருளாகிய காலத்திலேயே இத்தகைய விதி எழுதப்பட்டிருக்க முடியும். மேலும், யூனானி மருத்துவர் சிறுநீர்த் தேர்வைக் காரூரா என்பர். அரபு மொழியில் அச்சொல்லின் முதற்பொருள் கண்ணாடிக் குப்பி; குப்பியின் பெயர் அதனுள் உள்ள நீருக்கு ஆகிவந்தது. ஐரோப்பிய மருத்துவரும் இடைக்காலத்தில் மத்துலா என்னும் கண்ணாடிக் குடுவையைத் தம் தொழிலின் அடையாளமாகவே தாங்கினர். எனவே ஆடிக்கலச விதி, யூனானி மருத்துவரோடு தமிழ் மருத்துவர் பழகிய காலத்துச் சேர்க்கையாகலாம் என்பது என் கருத்து. எண்ணெய்த் துளித் தேர்வும் தமிழ்க்கே தனியுரிமை உடையதன்று. யோகரத்னாகரம் முதலிய பிற்கால வடமொழி நூல்களில் தைலபிந்து பரீட்சை என்னும் பெயரில் அது விரிக்கப்படுகிறது. சரகத்திலும் சுசுருதத்திலும் இல்லை. இவ்வாறு சொல்வதால் தேரையர்க்கு இழுக்கு ஒன்றும் இல்லை. பிறரிடம் கண்டதை ஏற்றுத் தம் மொழியில் இலக்கணம் வகுத்தல் அறிவுடையார் செயலே.

இரண்டாவது முகூர்த்தம். தமிழ் மருத்துவர் வழக்கில் இது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம்; வடநூலார் கணக்கில் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். இவ்வேறுபாடு சிறிதென ஒதுக்கத்தக்கதன்று. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்குப் பெருங்காரணமான கோலிப் பாக்டீரியா, ஏற்ற சூடும் சூழலும் வாய்ப்பின் ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். அக்கணக்கில் 48 நிமிடத்தில் அது ஐந்து மடங்காகும். 90 நிமிடத்திலோ இருபது மடங்கையும் கடக்கும். இக்கால விதி, பெற்ற நீரை அறைச் சூட்டில் ஒரு மணி நேரத்திற்குள்ளும், குளிர்ப்பெட்டியில் வைப்பின் நான்கு மணி நேரத்திற்குள்ளும் ஆராய வேண்டும் என்கிறது. பழைய விதியும் புதிய விதியும் அருகருகே வந்து நிற்பது வியப்பே. ஆயினும் தேரையர் பாக்டீரியாவை எண்ணி இவ்விதியை வகுத்தார் என்றல் பொருந்தாது. வைத்த நீர் நிறம் மாறும், மணம் மாறும், கலங்கும் என்பதைக் கண்ணால் கண்டு வகுத்தார். கண்டது சரி; காரணம் பின்னர்க் கிடைத்தது.

மூன்றாவது எஞ்சல். எஞ்சுதல் என்னும் வினைக்கு மீந்து நிற்றல், குறைதல் என்னும் இரு பொருளும் உண்டு. மீந்து நிற்றல் எனக் கொண்டால் எஞ்சல் கலத்தின் அடியில் தங்கும் வண்டல். குறைதல் எனக் கொண்டால் நீர் அளவிற் சுருங்குதல். இக்காலக் கையேடுகள் சில வண்டல் என்றும், சில குறைதல் என்றும் விளக்குகின்றன. நூலின் பிற உறுப்புகள் நிறம், எடை, மணம், நுரை என நீரின் பண்புகளாகவே நிற்றலின், ஐந்தாவதும் கலத்திலுள்ள நீரிற் காணப்படுவதாகவே இருத்தல் இயைபுடைத்து. ஆகலின் வண்டல் என்பதே என் கொள்கை. தொற்றுடைய நீரில் அடியில் தங்குவது பெரும்பாலும் சீழணுவாகும்.

பேசாத நோயாளி

மேற்சொன்ன விதியில் ஒரு பெரிய இடர் உண்டு. அறுசுவை உண்டு, அளவோடு அருந்தி, உறங்கி, வைகறையில் எழுந்து கலத்தில் நீர் விடுதல் வளர்ந்தார்க்கே இயலும். பாலுண்ணும் குழந்தைக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. எண்வகைத் தேர்வுள் மொழி என்பது குழந்தையிடம் அழுகையாகவே எஞ்சுகிறது. நூலோர் இவ்விடரை உணர்ந்தே பாலவாகடம் என்னும் வகையைத் தனியே வளர்த்தனர் போலும். அவ்வகை நூல்களில் மாந்தம், கணம், தோடம் என்னும் பெயர்களின் கீழ்க் குழந்தையின் காய்ச்சல், கழிச்சல், வாந்தி, உடல் வெதும்பல், பால் மறுத்தல் ஆகியன தொகுக்கப்படுகின்றன. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு எனச் சிறுநீர் நோய்க்குரிய தெளிவான பெயர்கள் பொதுநூல்களில் உள்ளன. யூகி முனிவர் பெயரால் வழங்கும் சிந்தாமணி இந்நோய்களை நீரினைப் பெருக்குவன, நீரினை அருக்குவன என இரண்டாகப் பகுக்கிறது. குழந்தை நூல்களிலோ அவை காய்ச்சலுள்ளும் மாந்தத்துள்ளும் மறைந்து கிடக்கின்றன.

இதனை நூலாசிரியர் குறையெனக் கூறல் முறையன்று. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று உண்டாயின், காய்ச்சலைத் தவிர வேறு குறி ஒன்றும் வெளிப்படாமல் போகலாம். காரணம் விளங்காத காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வரும் சிறு குழந்தைகள் 100 பேருள் ஏறத்தாழ 7 பேர்க்கு இத்தொற்றே காரணம் எனப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் கணக்கிட்டனர். தொற்று சிறுநீரகம் வரை ஏறிச் சிகிச்சை தாழ்க்குமாயின் சிறுநீரகத்தில் தழும்பு விழும். அத்தழும்பு சிலருக்குப் பிற்காலத்தில் குருதி அழுத்தமாகவும் சிறுநீரகச் செயலிழப்பாகவும் வெளிப்படும். ஆகவே ஓரிரு நாள் காலம் ஈண்டு பெரிது.

குடுவையிலிருந்து வேதியியலுக்கு

ஐரோப்பியர் நிலையும் நெடுங்காலம் வேறாக இருந்ததில்லை. குடுவையை மட்டும் நோக்கி எல்லா நோயும் உரைப்பாரை எள்ளித் தாமசு பிரையன் என்பார் 1637இல் ஒரு நூலே எழுதினார். மாத்தியூ தாப்சன் 1776இல் நீரிழிவு நோயாளியின் நீரிற் சருக்கரை இருப்பதைக் காட்டினார். ரிச்சர்டு பிரைட்டு, நீரைக் கரண்டியிற் காய்ச்சி உறையும் வெண்கருப் பொருளைக் கண்டு, அதனைச் சிறுநீரக நோயோடு 1827இல் இணைத்தார். பிரைட்டு நீரைக் கண்டதோடு அமையவில்லை. இறந்தோரின் சிறுநீரகத்தை அறுத்து நோக்கிக் குறியையும் உறுப்பையும் பொருத்தினார். வேலனுக்கு இல்லாத வாய்ப்பு அது. 1894இல் தியோடர் எசெரிக் குழந்தைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்குக் கோலிப் பாக்டீரியா காரணமாதலை எடுத்துரைத்தார்.

பீட்டர் கிரீசு இங்கிலாந்தில் பீர் வடிக்கும் ஆலை ஒன்றில் வேதியியலராகப் பணி புரிந்தவர். அவர் 1879இல் கண்ட நைத்திரைட்டு நிறமாற்றம் இன்றும் சிறுநீர்த் தாள் தேர்வில் பயன்படுகிறது. பாக்டீரியா நைத்திரேட்டை நைத்திரைட்டாக மாற்றும். அதற்கு நீர் சிறுநீர்ப்பையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தங்க வேண்டும். கைக்குழந்தை அவ்வளவு நேரம் தேக்குவதில்லை. ஆதலின் நோய் இருந்தும் தாள் நிறம் மாறாமற் போவது மிகுதி. எட்வர்டு காசு 1956இல், ஒரு மில்லிலிட்டர் நீரில் 1,00,000 பாக்டீரியா என்னும் வரம்பை நிறுவினார். ஆயினும் அது வளர்ந்த பெண்டிரை ஆராய்ந்து கண்ட வரம்பு. வளர்ப்புச் சோதனை முடிய ஒன்றிரண்டு நாளாகும். பை ஒட்டி எடுத்த குழந்தை நீரில் தோலிலுள்ள பாக்டீரியா கலந்து பொய்க்குறி காட்டும். மென்குழல் செலுத்தி எடுப்பதோ குழந்தைக்குத் துன்பம். நெய்க்குறியாளர் எதிர்கொண்ட இடர் ஆய்வுக்கூடத்திலும் தொடர்ந்தது.

தமிழில் இப்புதுக்கல்வி புகுந்த வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். சென்னையில், காவல்துறையில் பணியாற்றிய டி. வி. சாம்பசிவம் பிள்ளை தம் பொருளையும் வாழ்நாளையும் செலவிட்டு மருத்துவ அகராதி தொகுத்து 1931 முதல் வெளியிட்டார். ஒருவர் புதியதைத் தமிழாக்கினார். ஒருவர் பழையதற்குப் பொருள் கண்டார். இருவரையும் ஒருங்கு வைத்துப் பயிலும் பாடத்திட்டம் நம் துறைகளில் இன்மை வருந்தத்தக்கது. முகம்மது உசுமான் தலைமையில் அமைந்த குழு 1923இல் அளித்த அறிக்கையின் பயனாய்க் கீழ்ப்பாக்கத்தில் எழுந்த இந்திய மருத்துவப் பள்ளி, பல மாற்றங்களுக்குப்பின் 1960இல் மேலை மருத்துவக் கல்லூரியாயிற்று. சித்த மருத்துவக் கல்வி 1964இல் பாளையங்கோட்டையில் இடம் பெற்று, 1985இல் அரும்பாக்கம் வழியே இச்சாலைக்கு மீண்டது.

பெப்டைடு என்னும் புதுக்குறி

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் தொடர்ந்து கோத்த சிறு சரம். நீண்ட சரம் புரதம் எனப்படும். உடலின் புறவாயில்களில், தோலிலும் குடலிலும் சிறுநீர்ப்பாதையிலும், பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகள் சுரக்கின்றன. வெள்ளணுவிலிருந்து பெற்ற அத்தகைய பெப்டைடுகளுக்கு 1985இல் தற்காப்பு என்னும் பொருள்படத் டிபென்சின் எனப் பெயரிட்டனர். சிறுநீர் நெடுநேரம் தங்கும் இடமாயிருந்தும் பெரும்பாலும் தொற்றின்றி இருப்பதற்கு, நீரோட்டத்தோடு இக்காவலும் காரணமாகும்.

2006இல் சுவீடன் நாட்டுக் கரோலின்சுகா நிறுவனத்தைச் சேர்ந்த மிலான் குரோமெக், அனெலி பிரவுனர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். எல்.எல்.-37 என்னும் பெப்டைடு 37 அமினோ அமிலம் உடையது. இரண்டு லியூசின்களோடு தொடங்குவதால் அப்பெயர் பெற்றது. தொற்றுடைய குழந்தைகளின் நீரில் அது மிகுந்திருத்தலை அவர்கள் கண்டனர். பாக்டீரியா தொட்டவுடனே சிறுநீர்ப்பாதையின் உட்தோல் அதனைச் சுரக்கிறது என்பதும், அதற்கு நிகரான பெப்டைடு இல்லாத எலிகளைத் தொற்று எளிதிற் பற்றுகிறது என்பதும் காட்டப்பட்டன. அதே ஆண்டில் பிரான்சு, செருமானிய அறிஞர்கள், பிறவியிலேயே சிறுநீர்க்குழல் அடைப்புடைய குழந்தைகளுள் யாருக்கு அறுவை வேண்டும் என்பதை நீரிலுள்ள பல பெப்டைடுகளின் தொகுதி கொண்டு முன்னறியும் முறையை வெளியிட்டனர். அமெரிக்காவின் கொலம்பசு நகரக் குழந்தை மருத்துவ அறிஞர்கள் நியூட்ரோபில் பெப்டைடு 1 முதல் 3 வரையும், மனித டிபென்சின் 5 என்பதையும் குழந்தைகளின் நீரில் அளந்து, தொற்றை அறிய அவை உதவுதலை 2016இல் எடுத்துரைத்தனர். என்.ஜி.ஏ.எல். என்பது பெப்டைடு அன்று, புரதம். எனினும் ஈண்டு கூறத்தக்கது. இரும்பைத் திரட்டப் பாக்டீரியா விடும் பொருளைத் தான் பற்றிக்கொண்டு பகையைப் பட்டினியிடுவது இதன் தொழில். கோட்டையை முற்றி உணவு வழியடைக்கும் உழிஞைத் திணையை நினைவூட்டும் போர்முறை இது. இரண்டு வயதுக்குட்பட்ட காய்ச்சற் குழந்தைகளிடம் வழக்கமான தாள் தேர்வினும் இது நோயைத் தவறவிடாமை 2017இல் வெளிவந்த ஆய்வால் தெரிந்தது.

இக்குறிகளின் இயல்பு பழைய குறிகளினும் வேறு. வளர்ப்புச் சோதனை பகைவனை எண்ணுகிறது. பெப்டைடுத் தேர்வோ காவலர் படை எழுந்ததை உணர்த்துகிறது. தோலிலிருந்து தவறி விழுந்த பாக்டீரியா பையில் இருப்பினும், சிறுநீர்ப்பாதை போரிடவில்லையாயின் பெப்டைடு மிகாது. ஆயினும் வேறு அழற்சியிலும் வெள்ளணு வரும். அதன் பெப்டைடும் வரும். எனவே இவை இன்னும் வளர்ப்புச் சோதனையின் இடத்தைப் பெறவில்லை. அதன் முடிவு வருமுன் மருத்துவர்க்குத் துணையாகும் என்ற அளவிலேயே மதிக்கப்படுகின்றன.

இனி நெய்க்குறி இவற்றைக் கண்டதா என்னும் வினா. எண்ணெய்த் துளி பரவுவதும் குவிவதும் நீரின் மேற்பரப்பு இழுவிசையைப் பொறுத்தன. பித்த உப்புகள் அவ்விசையைக் குறைக்கும். அவற்றை அறிய, நீர்மேல் கந்தகப் பொடி தூவி அது அமிழ்கிறதா என நோக்கும் ஏ என்பாரின் சோதனை 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆய்வுக்கூடங்களில் வழங்கியது. பித்தத்தில் துளி பரவும் என்னும் தேரையர் கூற்றோடு இதனை ஒப்பிடுதல் ஆராயத்தக்கதே. ஆனால் நூலார் சொல்லும் பித்தம் மூன்று தோடங்களுள் ஒன்று, கல்லீரல் சுரக்கும் நீர் மட்டும் அன்று. பெப்டைடுக்கு வருவோமாயின் கணக்கு இடந்தரவில்லை. எல்.எல்.-37 தொற்றுடைய நீரிலும் ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் அளவில்தான் உள்ளது. நானோகிராம் என்பது கிராமின் நூறுகோடியில் ஒரு பங்கு. யூரியாவும் உப்பும் புரதமும் நிறப்பொருளும் அதனினும் பன்மடங்கு மிகுந்த நீரில், எண்ணெய்த் துளி இவ்வணுவளவை உணர்ந்து வடிவு மாறும் என்றல் இயற்பியலுக்கு ஒவ்வாது. நெய்க்குறி முழுநீரின் பொதுத் தன்மையைக் காட்டும் தேர்வு. பெப்டைடு ஒரு பொருளைத் தனித்துப் பிரித்து அளக்கும் தேர்வு. தேரையர் உடலின் சமநிலையைத் தேடினார். இன்றைய ஆய்வாளர் ஒரு தொற்றைத் தேடுகின்றனர். இரண்டையும் ஒன்றெனக் கூறுவார் தேரையரையும் கற்கவில்லை, பெப்டைடையும் கற்கவில்லை.

குறியின் உண்மையை எண்ணிக்கையே தீர்க்கும். நோயுடையாருள் எத்துணைப் பேரிடம் குறி தோன்றுகிறது, நோயற்றாருள் எத்துணைப் பேரிடம் தோன்றாது இருக்கிறது என்னும் இரண்டு வினாவும் விடை பெற வேண்டும். உலகம் முழுதும் நம்பிய முடிபையும் எண்ணிக்கை மாற்றக்கூடும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.சி. தடுப்பூசி ஆய்வின் முதல் அறிக்கை 1979இல் வெளிவந்தபொழுது, வளர்ந்தார்க்கு வரும் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பது தெரிந்து மருத்துவ உலகம் திகைத்தது.

நெய்க்குறியை இவ்வாறு எண்ணிப் பார்க்கக் கருவிகள் கையிலேயே உள்ளன. சித்த மருத்துவப் பட்டமேற்படிப்பில் குழந்தை மருத்துவம் ஒரு தனிப்பிரிவு. அதன் ஆய்வேடுகளில் ஒவ்வொரு குழந்தையின் பதிவிலும் நீர்க்குறி, நெய்க்குறி ஒருபுறமும், ஆய்வுக்கூடத்து வெள்ளணுவும் புரதமும் மறுபுறமும் எழுதப்பட்டுள்ளன. இரண்டையும் ஒரே குழந்தையில் பொருத்தி எண்ணும் பணி அரும்பாக்கத்தாரும் அயப்பாக்கத்தாரும் கூடின் இயலும். இரண்டிடங்களுக்கும் இடையே தொலைவு சில கல்லே. அவர்கள் தொடங்குமுன் நாம் செய்து தர வேண்டியது ஒன்று உண்டு. அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் உள்ள மருத்துவச் சுவடிகளை ஒப்பு நோக்கி, நீர்க்குறி நூலுக்குப் பாடவேறுபாட்டுடன் கூடிய செம்பதிப்பு ஒன்று வெளியிடுதல் வேண்டும். எஞ்சல் என்பதைக் குறைதல் எனப் பயின்ற மாணவர் கலத்தின் அடியை நோக்கமாட்டார். குழந்தை நீர் விட்டதா, எத்துணை விட்டது என்று தாயை வினவுவதோடு அமைவார். அடியில் தங்கிய சீழ் கொட்டப்பட்டுவிடும். முகூர்த்தத்தைத் தொண்ணூறு நிமிடமாகக் கொள்வதா, நாற்பத்தெட்டாகக் கொள்வதா என்பதும் பதிப்பாசிரியர் குறித்தாக வேண்டிய செய்தி.